குருவிக்காகப் போட்ட உறை

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகப் பழைய பண்ணைக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த காலத்தில் உரமூட்டை அடுக்கி வைத்திருந்த கூடத்தை இடித்துவிட்டு, அங்கே தனி அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். பி.எச்.டி. முடித்து டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கான அறை. போஸ்ட்டாக் என்று அவர்களைச் சொல்வார்கள். கதவில் ஆறு பேருடைய பெயர். உள்ளே ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு சுழல் நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரி. முப்பத்தெட்டு வருடம் அந்தப் பண்ணையில் உழைத்தேன். என் பெயரை எந்தக் கதவிலும் எழுதவில்லை.

அந்த அறையிலிருந்த ஒரு பெண், சுவரில் ஒட்டியிருந்த பயிற்சித் தாளைக் காட்டிக் கேட்டார்.

"அம்மா, சாமையில கிராஸ் போடறதுக்கு உங்களை மிஞ்ச ஆளில்லன்னு சொல்றாங்க. எப்படிப் போடணும்னு இதுல வரிசையா எழுதியிருக்கு. மூணாவது படிக்குக் கீழ மட்டும் ஒரு குறிப்பு. 'இந்த உறை குருவிக்காக அல்ல.' எதுக்கு இப்படி எழுதினாங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. புதுசா யாரு வந்தாலும் படிச்சுட்டுச் சிரிக்கறாங்க. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதே கண்ணு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே பெண் போன் செய்தார். பண்ணை மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல் வந்தது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் கை ஓய்ந்துவிடும். அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாகவே எழுதுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலை தெரிகிற மாதிரி இருக்கிறது பண்ணை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இருபத்திரண்டு வயதில் களையெடுக்கப் போனேன். பதினான்கு வருடம் தினக்கூலி. நாளைக்கு வா என்றால் வேலை, வேண்டாம் என்றால் வீடு. களையெடுப்பு, நாற்று, அறுப்பு என்று போய்க்கொண்டிருந்தபோது கிராஸ் போடுகிற ஆள் நின்றுவிட்டார். என் விரல் மெல்லியது என்று என்னை உட்கார வைத்தார்கள்.

கிராஸ் என்றால் ஒரு ரகத்தின் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்துப் புது விதை எடுப்பது. சாமையில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. பூ ஒவ்வொன்றும் கடுகளவுதான். அதற்குள் மகரந்தப் பை மூன்று. காலை ஒன்பதரை மணிக்கு மேல் பூ வாயைத் திறக்கும். நாலைந்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும். திறக்கும்போதே பை வெடித்துத் தன் மகரந்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும். பை வெடிப்பதற்குள் மூன்றையும் ஊசி முனையால் எடுத்துவிட வேண்டும். ஒன்று வெடித்தாலும் அந்தப் பூவைக் கத்தரித்து எறிய வேண்டியதுதான். எடுத்த பிறகு வேறு ரகத்துக் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டி, காகித உறை போட்டு, சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில் கிராஸ் போட்டவருடைய பெயரின் முதல் எழுத்து இருக்கும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பழைய புடவையிலிருந்து உருவிய சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். எழுத்துத் தெரிந்த பிறகும் நூலை விடவில்லை.

எங்கள் புரொபசர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். காலை பத்து மணிக்குக் குடையை ஊன்றிக்கொண்டு வருவார். விதை எடுக்கிற நாளில் உறையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, "யார் கை?" என்று கேட்பார். போட்டவர், "என் கைங்க சார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நன்றாக இருந்தால் விதையைத் திருப்பி உறையில் போடுவார். சரியில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். திட்டு வாங்குவதைவிட எங்களுக்கு அதுதான் உறைக்கும். என் சிவப்பு நூல் கட்டிய உறைக்கு அவர் ஒருநாளும் கண்ணாடியைத் துடைத்ததில்லை. நல்லது என்று சொன்னதும் இல்லை. ஆனால் யார் கை என்று கேட்கும்போதே என் பக்கம் திரும்பிவிடுவார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் கிராஸ் பிடித்ததற்குக் காரணம் விரல் மட்டும் இல்லை. தினக்கூலி காலத்தில் ஒரு தூறல் நாளில் ஒன்றைப் பார்த்தேன். ஈரத்தில் பூ திறக்கிறது, ஆனால் பை வெடிக்காமல் அப்படியே தொங்குகிறது. அதற்குப் பிறகு முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மற்றவர்கள் கை கழுவப் போனதும், கதிரின் அடியில் ஈரப்பஞ்சு சுற்றி அதன் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுவேன். மறுநாள் காலை உறையை எடுத்தால் பூக்கள் ஈரத்தோடு திறக்கும். அவசரமில்லாமல் பையை எடுக்கலாம். பஞ்சு வெளியே தெரியாது. உறை எதற்கு என்று கேட்டவர்களிடம் சொன்னேன்:

"குருவி கொத்துதுங்க. அதுக்குத்தான்."

எல்லோரும் நம்பினார்கள். புரொபசர்கூட ஒருமுறை கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். ஏன் மறைத்தேன் என்றால், நாளைக்கு வா என்று என்னிடம் மட்டும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் என் இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பிறகு எனக்கு வேலை நிரந்தரமானது, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியது. இருந்தும் குருவியை விடவில்லை.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது கலைவாணி மேடம் போஸ்ட்டாக்காக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். முப்பத்திரண்டு வயது. சித்தேரி மலையிலிருந்து கொண்டுவந்த அடித்தண்டு கருஞ்சிவப்பான மலைச்சாமையை எங்கள் பச்சைச் சாமையோடு சேர்க்க வேண்டும். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. புரொபசர் முதல் நாளே அவரை நடவு வயலுக்குக் கூட்டிவந்து, குடையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் பக்கத்தில் நடந்தபடி பேசினார். அந்தக் குடையை என்னிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த மாதம்மா அதைக் கவனித்துவிட்டாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். ஆனால் குத்திப் பேசுவதற்கு மட்டும் தமிழ்தான்.

"பச்சையம்மா, உன் குடை போயிடுச்சு பாரு."

"எனக்கெதுக்கு குடை. வெயிலு எனக்கு பழக்கந்தான்."

"வெயிலுக்குச் சொல்லல."

கலைவாணி மேடத்தின் நிலைமை வெளியே தெரிகிற மாதிரி இல்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பித்துத் தர வேண்டும். பங்குனியில் வெளியிலிருந்து குழு வரும், பார்க்கும், நீட்டிக்கும் இல்லை நிறுத்தும். மாணவர் இல்லை, அதனால் விடுதி கிடையாது. ஊழியர் இல்லை, அதனால் குடியிருப்பும் கிடையாது. ஊருக்குள் உரக்கடை மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போனார். அவருக்கென்று நாற்காலி இல்லை. மைக்ராஸ்கோப் மேசையின் ஓரத்தில் நோட்டை வைத்து, தக்காளிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். ஆய்வகச் சாவி அவருக்கு இல்லை, என்னிடம்தான் இருந்தது. நான் வரும்வரை படியில் நிற்பார்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டோரில் காகித உறை வாங்க நிரந்தர ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவர் சீட்டை நீட்டிக்கொண்டு என்னிடம் வருவார். நான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் போடுவேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான்.

ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா, பத்து வருஷம் படிச்சேன். என் கையெழுத்துக்கு ஒரு கவர் குடுக்க மாட்டேங்கறாங்க. உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

"என்னப் பாத்தா?"

"உங்க வேலைய யாரும் புடுங்க முடியாது. எனக்கு இது மூணாவது ஊரு. ஒவ்வொரு பங்குனிக்கும் பொட்டியக் கட்டி வெச்சுட்டுத்தான் தூங்கறேன்."

நானும் பதினான்கு வருடம் அப்படி இருந்தவள்தான். எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்று எழுதினால் பொய். இவளுக்கு என்னைப் பார்த்துப் பொறாமையாமே என்று ஒரு சந்தோஷம்தான் வந்தது.

அந்த ஆடியில் விதைத்தோம். பூக்கும் பருவம் வந்ததும் கற்றுக்கொடுக்கச் சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊசி பிடிப்பதை, பூவைத் தேர்ந்தெடுப்பதை, மூன்று பையையும் எண்ணி எடுப்பதை எல்லாம் காட்டினேன். நல்ல விரல் அவருக்கு. மூன்றாம் நாளே என் வேகத்துக்கு வந்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் கதிர்களில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் காட்டினார்.

"அக்கா, இது எதுக்கு?"

சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை போகப் போவதில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு. புரொபசர் அப்போது வரப்பின் மறுமுனையில் இருந்தார். குடை கலைவாணி மேடத்தின் மடியில் கிடந்தது.

"குருவிக்குங்க மேடம்."

உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் சாயங்காலமே தன்னுடைய நாற்பது கதிருக்கும் உறை மாட்டிவிட்டார். பஞ்சும் இல்லை, ஈரமும் இல்லை. வெறும் உறை. காலை வெயில் பட்டதும் உள்ளே காய்ந்து சூடேறி, பூ திறக்கும்போதே பை வெடித்திருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அவர் தலையில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை இறக்கிப் பூவுக்குள் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் சரியாகத்தான் சொல்லியிருப்பாள் என்று நம்பிவிட்டார்.

புரட்டாசியில் விதை எடுத்தோம். என் கதிர்களில் ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. கிராஸ் பிடித்தால் அப்படித்தான் இருக்கும். கலைவாணி மேடத்தின் உறை ஒவ்வொன்றிலும் பதினைந்து, இருபது. கதிர் நிறைய விதை. கிராஸ் வேலையில் நிறைய விதை வந்தால் அது தன் மகரந்தத்தைத் தானே போட்டுக்கொண்ட விதை. கிராஸ் விதை இல்லை. எனக்குத் தெரியும். அவர் அதுவரை சாமையில் போட்டதில்லை.

புரொபசர் உள்ளங்கையில் கொட்டினார்.

"யார் கை?"

"என் கை சார்." அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நிறைய இருக்கே," என்றார் புரொபசர்.

மற்றவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். மாதம்மா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். எனக்குத் தெரியும், அது கேள்வி. புரொபசர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கையில் விதையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்னால் விதைத்த ஒரு பாத்தியில் இன்னும் பூ மிச்சம் இருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் பத்து நாளில் திரும்பப் போட்டிருக்கலாம். நான் குனிந்து கால் சேற்றைச் சுரண்டினேன். அவர் விதையை உறையில் திருப்பிப் போட்டுவிட்டு நடந்துவிட்டார். ஆராய்ச்சி அந்த அம்மாவுடையது, அவர் கேட்கட்டும் என்று விட்டிருப்பார். விதை முளைப்பதற்கு முன்னால் ஒருவரைத் தப்பு என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தையில் அந்த விதைகளைத் தனிப் பாத்தியில் ஊன்றினோம். என் விதையும் அதே பாத்திதான், ஏனென்றால் அது அவருடைய ஆராய்ச்சி. வரிசைக்கு அவருடைய எண் எழுதிய குச்சி. என் சிவப்பு நூல் விதை எடுத்த அன்றே அவிழ்ந்து மண்ணுக்குப் போய்விட்டது. எந்த வரிசை யாருடைய கை என்பது அவருடைய நோட்டில் மட்டும்தான்.

இருபது நாளில் அடித்தண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மலைச்சாமையின் கருஞ்சிவப்பு இறங்கியிருந்தால் கிராஸ் பிடித்தது என்று பொருள். பச்சையாகவே இருந்தால் வீண். அன்று காலை கலைவாணி மேடம் முழங்காலிட்டு, வரிசை வரிசையாகச் செடியை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். பச்சை. அடுத்த வரிசையும் பச்சை. சுமார் அறுநூறு செடியிருக்கும். பாத்தியின் கடைசியில், என் விதை விழுந்த இடத்தில், நான்கு செடிகளின் அடி மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புடவையில் ஈரம் ஏறுவதுகூடத் தெரியவில்லை.

"அக்கா," என்றார். "நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"முதல் தடவைக்கு அப்படித்தாங்க மேடம்," என்றேன்.

அவர் அழவில்லை. நோட்டைப் பிரித்து நான்கு செடிக்கும் எண் எழுதினார். அந்த நான்கும் தன்னுடையது என்று எழுதினால் கேட்க ஆளில்லை. நானே கேட்டிருக்க முடியாது. நூல் எங்கே, சாட்சி எங்கே.

பங்குனியில் குழு வந்தது. மூன்று பேர், வெளியூர்க்காரர்கள். அந்த நான்கு செடி போதும், வேலை நீடிக்கும் என்று ஆபீசில் பேச்சு. நான் பூவாளியோடு பாத்தி ஓரத்தில் நின்றேன். என் மனசுக்குள் என்ன ஓடியது என்று அப்படியே எழுதுகிறேன். இப்போது என் கை என்று சொல்லப் போகிறாள், என் விதையை எடுத்துக்கொள்ளப் போகிறாள், அப்போது நான் செய்தது சரி என்று ஆகிவிடும். அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

புரொபசர் குனிந்து அடித்தண்டைத் தொட்டார். நிமிர்ந்தார்.

"யார் கை?"

"பச்சையம்மா அக்கா கை சார்," என்றார் கலைவாணி மேடம். "என் நாற்பது கதிர்ல ஒண்ணும் பிடிக்கல. நோட்டுல எழுதியிருக்கேன்."

குழுவில் ஒருவர், "அந்தம்மா யாரு?" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அத்தனை பெரிய மனிதர்கள் என்னை ஒருசேரப் பார்த்தது. எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

புரொபசர் கேட்டார். "எப்படிம்மா உனக்கு மட்டும் பிடிக்குது?"

"கைவாகுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். என்னைப் பார்த்துத் துடைத்தார். அந்த ஒரு தடவைதான்.

கலைவாணி மேடத்துக்கு நீட்டிப்பு வரவில்லை. கடைசி நாள் சாயங்காலம் ஆய்வகத்துக்கு வந்து மேசை ஓரத்திலிருந்த சாமானை எடுத்துப் பையில் வைத்தார். தக்காளிக் கூடையை நிமிர்த்தி மூலையில் வைத்தார். நான் பூட்டுவதற்காகச் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"குருவி எங்கக்கா? இந்த வயல்ல நான் முழுசா ஒரு பருவம் உக்காந்திருக்கேன். ஒரு குருவியக்கூடப் பாக்கல."

அவர் காத்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சாவியைச் சுழற்றிக்கொண்டு போயிருப்பேன். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்தான். பள்ளிக்கூடத்துக்கே போகாத எனக்கு அந்த முகத்தைப் பார்த்து ஒரு பொறாமை வந்தது.

பஞ்சை எடுத்து நனைத்துப் பிழிந்தேன். அவரை வயலுக்குக் கூட்டிப்போய், இறவைப் பாசனத்தில் நின்றிருந்த கதிரில் சுற்றி உறை மாட்டிக் காட்டினேன். எவ்வளவு ஈரம், எத்தனை மணிக்கு, எப்போது எடுப்பது எல்லாம் சொன்னேன். தூறல் நாளைப் பற்றியும் சொன்னேன். ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அத்தனையும் எழுதிக்கொண்டார். குருவி என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் குடையைப் பற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போகும்போது, "அக்கா, உங்க விரல் மாதிரி எனக்கு வராது" என்றார். அதில் பரிகாசம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

வடக்கே எங்கோ இன்னொரு ஒரு வருட வேலைக்குப் போனதாகப் புரொபசர் பின்னால் சொன்னார். போகும் முன் வரப்பில் எழுதியதை நல்ல எழுத்தில் படி படியாக எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் இன்றைக்குச் சுவரில் ஒட்டியிருக்கிற தாள். அதில் என் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. முதலில் அதற்கும் மனசு குமைந்தது. பிறகுதான் உறைத்தது. பெயரைப் போட்டிருந்தால் பக்கத்தில் காரணத்தையும் போட வேண்டியிருக்கும். யார் பொய் சொன்னது, யாருடைய வேலை போனது என்று ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுதாமல், அடுத்து வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்க மட்டும் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார்.

அவருடைய படிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். குடையைப் பார்த்து, விரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதெல்லாம் ஆறிவிட்டது. அந்த நான்கு செடிக்கு முன்னால் நின்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் ஆறவில்லை. என் வேலை போகாது என்று தெரிந்த இடத்தில் எனக்கு வராத வார்த்தை, தன் வேலை போகும் என்று தெரிந்த இடத்தில் அவருக்கு வந்துவிட்டது.

போனில் எழுதச் சொன்ன பெண்ணுக்கு: அன்றைக்குத் தெரியாது என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். அந்த வயலில் என்றைக்கும் குருவி வந்து கொத்தியதில்லை. உறை ஈரத்துக்காகத்தான். தாளில் இருப்பது கலைவாணி மேடம் கை. குருவி என் கை.